‘பார்த்து எழுதுங்கள்’ என்போரே, பார்த்ததை எழுத விடுங்கள்!



தமிழில் ‘பார்த்து’ என்னும் சொல் படும் பாடு வேறு எந்தச் சொல்லும் படுவதில்லை. ‘பார்த்துப் போ’ என்றால் அதில் அன்பு இருக்கிறது. ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்றால் சலுகை கேட்கிறார்கள். ‘பார்த்துப் போட்டுக் கொடுங்கள்’ என்றால் பேரம் நடக்கிறது. ‘பார்த்து எழுதுங்கள், சார்’ என்றால்...? பள்ளிக் காற்பந்து ஆட்டங்களில் ஊதலோடு திடலில் இறங்கும் ஆசிரியர்களுக்கு அதன் பொருள் நன்றாகத் தெரியும். ‘நீங்கள் பார்த்ததை எழுதாதீர்கள்’ என்பதுதான் அதன் பொருள்!

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். வார நாள்களில் மாணவர்களுக்கு இலக்கணமும் கட்டுரையும் கற்பிக்கிறேன். வார இறுதிகளிலும் போட்டிக் காலங்களிலும் 12 வயதுக்கும் 15 வயதுக்கும் உட்பட்டோர் ஆடும் ஆட்டங்களில் நடுவராகப் பணியாற்றுகிறேன். ஆட்டம் முடிந்து, பிள்ளைகள் நீர் குடித்து, பெற்றோர் மகிழுந்துகளைத் திருப்பிக்கொண்டு போன பிறகு, நடுவருக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கும். அதுதான் சம்பவ அறிக்கை. அந்த அறிக்கையைச் சுற்றி நம் பள்ளிகளில் நடக்கும் கூத்தைப் பற்றியே இங்கு எழுத வந்திருக்கிறேன். சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

அட்டை ஒரு நொடி, அறிக்கை ஓர் ஆவணம்

காற்பந்து விதிமுறைகள் மொத்தம் 17. அவற்றுள் ஐந்தாவது விதி நடுவரைப் பற்றியது. ஆட்டத்திற்கு முன்னரோ, ஆட்டத்தின்போதோ, ஆட்டத்திற்குப் பின்னரோ எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கைகளையும் நிகழ்ந்த பிற சம்பவங்களையும் உரிய அமைப்பிடம் அறிக்கையாக அளிப்பது நடுவரின் கடமை என்று அவ்விதி சொல்கிறது. ‘விரும்பினால் அளிக்கலாம்’ என்று சொல்லவில்லை. ‘தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டால் அளிக்கலாம்’ என்றும் சொல்லவில்லை.

சிவப்பு, மஞ்சள் அட்டைகளின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காலிறுதியில் இங்கிலாந்தும் அர்ஜெண்டினாவும் மோதின. அர்ஜெண்டினாக் குழுவின் தலைவர் ரட்டினை ஜெர்மானிய நடுவர் வெளியேற்றினார். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியவில்லை. அவர் திடலை விட்டுப் போகவும் மறுத்தார். அதே ஆட்டத்தில் யார் யார் எச்சரிக்கப்பட்டனர் என்பதிலும் குழப்பம் மிஞ்சியது. அப்போட்டியில் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன், சாலை விளக்குகளின் நிறங்களைக் கண்டு அட்டை முறையைச் சிந்தித்தார். 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் நடைமுறைக்கு வந்தன.

அட்டை வந்ததால் திடலில் இருப்போருக்குச் செய்தி புரிந்தது. ஆனால், அட்டை காற்றில் சில நொடிகளே நிற்கும். அதன் பிறகு அந்தச் சம்பவம் உயிர்வாழ்வது அறிக்கையில்தான். ஒழுங்குக் குழுவில் அமர்ந்திருப்பவர்கள் திடலில் நின்றவர்கள் அல்லர். அவர்களுடைய கண் நடுவரின் தாள்தான். அந்தக் கண்ணில் மண்ணைத் தூவச் சொல்வதற்குத்தான் நம்மவர்கள் ‘பார்த்து எழுதுங்கள்’ என்று மங்கலகரமான பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு சொல் மாறினாலும் குற்றமே மாறிவிடும். பந்துக்காகப் போராடும்போது எதிராளியின் பாதுகாப்பைக் கெடுக்கும் அளவுக்கு முரட்டுத்தனம் காட்டுவது ஒரு குற்றம். பந்துக்கான போராட்டமே இல்லாத நிலையில் ஒருவனை அடிப்பதோ அடிக்க முயல்வதோ வேறொரு குற்றம். 12ஆவது விதி இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. இரண்டுக்கும் சிவப்பு அட்டைதான். ஆனால் ஒழுங்குக் குழு இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தாது. முகத்தில் விட்ட குத்தை ‘முரட்டு ஆட்டம்’ என்று எழுதினால், அடித்தவனுக்குப் பாதித் தண்டனை அங்கேயே தள்ளுபடி ஆகிவிடுகிறது.

‘பையனின் எதிர்காலம் என்னாவது?’

முதலில் வரும் வாதம் இதுதான். ‘ஆறாம் ஆண்டுப் பையன், சார். அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். விளையாட்டுப் பள்ளிக்கு மனு செய்திருக்கிறான். உங்கள் பேனாவால் அவன் வாழ்க்கையைக் கெடுத்துவிடாதீர்கள்.’

கேட்பதற்கு நெஞ்சு உருகும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வாதத்தில் ஒரு பையன்தான் இருக்கிறான். திடலில் இருந்தவர்களோ இரண்டு பையன்கள்!

சில ஆண்டுகளுக்கு முன் 12 வயதுக்குட்பட்டோர் ஆட்டம் ஒன்றில் நான் துணை நடுவராக இருந்தேன். பந்து மறுகோடியில் இருந்தபோது, என் கோட்டுக்கு ஐந்தாறு மீட்டர் தள்ளி, ஒரு பையன் இன்னொருவனை வாயில் குத்தினான். முன்பல் ஒன்று உடைந்தது. நான் கொடியை உயர்த்தினேன். நடுவர் வந்தார், கேட்டார், சிவப்பு அட்டையைக் காட்டினார். எல்லாம் முறையாகவே நடந்தன. ஆட்டம் முடிந்தபின் கூடாரத்துக்குள் பலர் கூடினர். பேச்சுவார்த்தை நடந்தது. அறிக்கையில் ‘இரு ஆட்டக்காரர்களும் மோதிக்கொண்டனர்’ என்ற பொருளில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது. நான் கண்டதை நான் தனித்தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அந்தத் தாள் அறிக்கையோடு இணைக்கப்படவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பல் உடைந்த பையனின் தாயார் என்னைப் பார்க்க வந்தார். பல் சிகிச்சைக்கும் காப்புறுதிக்கும் கேட்டு வாங்கிய அந்த அறிக்கையின் படி அவர் கையில் இருந்தது. அவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“மோதிக்கிட்டாங்கன்னு போட்டிருக்காங்களே சார், அப்போ என் பையனும் சேர்ந்துதான் அடிச்சானா? அவன் இல்லேங்கிறான். நான் யாரை நம்புறது?”

நான் இலக்கணம் கற்பிப்பவன். ‘அவன் இவனைக் குத்தினான்’ என்னும் வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது, செயப்படுபொருள் இருக்கிறது. ‘மோதிக்கொண்டனர்’ என்று எழுதியவுடன் செயப்படுபொருள் காணாமல் போய்விடுகிறது. இருவருமே எழுவாய் ஆகிவிடுகிறார்கள். அடிபட்டவனும் அடித்தவன் ஆகிறான். எந்த மொழியில் எழுதினாலும் இதுதான் நடக்கும். அந்தத் தாயாரிடம் நான் கண்டதை அப்படியே சொன்னேன். மகனை நம்பச் சொன்னேன். ஆனால், என் வாய்ச்சொல்லுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை; தாளுக்குத்தான் மதிப்பு.

சரி, அடித்த பையனின் எதிர்காலமாவது காப்பாற்றப்பட்டதா? அவனுக்குக் கிடைத்த பாடம் என்ன? ‘அடிக்கலாம், அடித்த பிறகு பெரியவர்கள் கூடாரத்துக்குள் கூடி அதை அழித்துவிடுவார்கள்’ என்பதே. பன்னிரண்டு வயதில் இதைக் கற்றவன் பதினெட்டு வயதில் காவல் நிலையத்தில் நிற்கும்போது அங்கே கூடாரம் இருக்காது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று கரும்பலகையில் எழுதிப் போடும் நாம்தான், ஐந்தில் வளைக்க வந்த ஒரே தாளைக் கிழிக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. அடிக்கும் பிள்ளை பெரும்பாலும் எங்கேயோ அடிவாங்கும் பிள்ளை. அறிக்கை சரியாக இருந்தால்தான் அவன் கட்டொழுங்கு ஆசிரியர் பார்வைக்கும் ஆலோசக ஆசிரியர் பார்வைக்கும் போவான். ‘ஏன்டா இப்படிச் செய்தாய்?’ என்று உண்மையான அக்கறையோடு ஒருவர் கேட்பதற்கு வழி பிறக்கும். மூடி மறைத்த அறிக்கை அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய உதவியையும் சேர்த்து மூடிவிடுகிறது.

‘தகாத சொற்கள்’ என்னும் தகாத சொல்

நம் நாட்டில் இந்த அறிக்கைகள் மலாய்மொழியில் எழுதப்படுகின்றன. அவற்றில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு தொடர் ‘கத்தா-கத்தா கெசாட்’. தமிழில் சொன்னால், தகாத சொற்கள். யார், யாரை, எந்தச் சொல்லால் திட்டினார் என்று கேட்டால் விடை கிடையாது. எல்லா வசவையும் உள்ளே போட்டு வாயைக் கட்டிவிடும் சாக்குப்பை அது.

நம் பிள்ளைகளைப் பார்த்துத் திடலில் வீசப்படும் ஒரு சொல்லை நான் இங்கு எழுதியே ஆகவேண்டும். ‘கெலிங்’ என்பது அந்தச் சொல். அதன் வரலாறு எதுவாகவும் இருக்கட்டும். பதினொரு வயதுப் பையன் ஒருவன் கோல் போட்டுவிட்டு ஓடிவரும்போது வேலியோரத்திலிருந்து அந்தச் சொல் வந்தால், அது வரலாற்றுப் பாடமாக அவன் காதில் விழுவதில்லை. அவன் முகம் சுருங்குவதை நான் கண்டிருக்கிறேன். அதை ‘தகாத சொற்கள்’ என்று எழுதினால் ஒழுங்குக் குழு என்ன நினைக்கும்? யாரோ ‘முட்டாள்’ என்று சொல்லியிருப்பான் என்று நினைக்கும். கோப்பு மூடப்படும்.

இண்டர்லோக் நாவல் விவகாரத்தை மறந்திருக்கமாட்டீர்கள். இடைநிலைப்பள்ளி ஐந்தாம் படிவ இலக்கியப் பாடநூலாக அது 2011இல் பயன்பாட்டுக்கு வந்தபோது, அதிலிருந்த ஒரு சொல் நம்மை இழிவுபடுத்துகிறது என்று நம் அமைப்புகள் எழுந்து நின்றன. கூட்டம் போட்டோம், மனுக் கொடுத்தோம், அறிக்கை விட்டோம். அவ்வாண்டின் இறுதியில் அந்நூல் மீட்டுக்கொள்ளப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அச்சிட்ட நூலில் கற்பனைப் பாத்திரத்தைப் பற்றி வந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு போராடிய நாம், நம் கண்முன் நிற்கும் உயிருள்ள பிள்ளையின் முகத்தில் வீசப்பட்ட சொல்லை ஒரு தாளில் எழுதத் தயங்குகிறோமே, இது என்ன மானம்?

‘இனப் பிரச்சினை ஆகிவிடும், சார்’ என்பார்கள். ஆகிவிடும் அன்று; ஏற்கெனவே ஆகிவிட்டது. எழுதுவதால் அது பிறப்பதில்லை. 2024 மே மாதம் பேங்காக்கில் கூடிய ஃபிஃபா மாநாட்டில் இனவெறிக்கு எதிரான நடவடிக்கைகள் முன்வைக்கப்பட்டன. இனவெறிச் சொல்லுக்கு இலக்கான ஆட்டக்காரர் தம் இரு கைகளையும் மணிக்கட்டில் குறுக்காக வைத்து நடுவருக்குக் காட்டும் சைகை அவற்றுள் ஒன்று. நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம், இடைநிறுத்தலாம், கைவிடவும் செய்யலாம். உலக அரங்கில் கையைக் குறுக்கே வைக்கச் சொல்கிறார்கள். நம் பள்ளித் திடலிலோ வாயில் கையை வைக்கச் சொல்கிறார்கள்.

இதன் மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். நம் பிள்ளைகள் வாயிலிருந்தும் சொற்கள் வருகின்றன. சீன மாணவனின் கண்ணைக் கேலி செய்வதும், புலம்பெயர்ந்த தொழிலாளியின் பிள்ளையை அவன் நாட்டின் பெயரால் இழிவாக அழைப்பதும், இரண்டு தமிழ்ப்பள்ளிகள் ஆடும் ஆட்டத்தில் சாதிப் பெயர் வந்து விழுவதும் நடக்கின்றன. நம் பையன் சொன்ன தமிழ் வசவு குழுவிலுள்ள மலாய்க்கார அதிகாரிக்குப் புரியாது என்பதால் அதை விழுங்கிவிடலாமா? கூடாது. அந்தச் சொல்லை ஒலிபெயர்த்து எழுதி, அதன் பொருளையும் எழுத வேண்டும். தமிழ் தெரிந்த நடுவர் தமிழ்ப் பிள்ளைக்குக் காவலன்தான். ஆனால் அவனுடைய பொய்க்குக் காவலன் அல்லன்.

‘சிறுபிள்ளை விளையாட்டை ஏன் பெரிதாக்குகிறீர்கள்?’

இது மூன்றாவது வாதம். சிறுபிள்ளை விளையாட்டு என்பவர்கள் இரண்டு நிகழ்ச்சிகளை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மெரே நகரில், இளையோர் ஆட்டம் ஒன்றில் தன்னார்வமாகக் கோட்டு நடுவராக நின்ற 41 வயதுத் தந்தை ஒருவர், ஆட்டம் முடிந்தபின் தாக்கப்பட்டு மறுநாள் மாண்டார். அவருடைய மகனும் அன்று அங்கே ஆடியவன். பதின்ம வயதினர் சிலரும், அவர்களில் ஒருவனின் தந்தையும் மறுஆண்டு தண்டிக்கப்பட்டனர். 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், இளையோர் ஆட்டம் ஒன்றில் நடுவர் மஞ்சள் அட்டை கொடுத்துவிட்டுத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, 17 வயது ஆட்டக்காரன் அவரைத் தலையில் குத்தினான். ஒரு வாரம் நினைவின்றிக் கிடந்து அவர் இறந்தார். எழுதிக்கொண்டிருந்த கையோடு விழுந்த மனிதர் அவர். சிறுபிள்ளை விளையாட்டுத்தான்!

நம் திடல்களில் அந்த நிலை இல்லை. இருக்கவும் வேண்டாம். ஆனால் வேலியைப் பிடித்துக்கொண்டு நடுவரின் தாயை இழுத்துத் திட்டும் தந்தையர் இருக்கிறார்கள். ஆட்டத்தில் தவறிய பையனை இடைவேளையில் எல்லார் முன்னும் அறையும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு முதல் குழு அதிகாரிகளுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்ட விதி இடம் தருகிறது. பயிற்றுநர் என்பதாலோ, நம்மினும் மூத்த ஆசிரியர் என்பதாலோ யாரும் விதிக்கு அப்பாற்பட்டவர் அல்லர். பிள்ளையை அறைந்த கை ஆசிரியரின் கையாக இருந்தால், அது அறிக்கையில் முதல் பத்தியில் இருக்க வேண்டும்.

இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் அடிமட்ட ஆட்ட நடுவர்களுக்கு உடலில் அணியும் ஒளிப்பதிவுக் கருவிகளை 2023ஆம் ஆண்டு சோதனை முறையில் கொடுத்தது. நமக்கு அத்தகைய வசதி இல்லை. ஒரு பேனாவும் ஒரு தாளும்தான் நம் கருவி. இருக்கும் கருவியின் கண்ணையும் நாமே கட்டுவதா?

பெரிய பொய்யும் சிறிய பொய்யும்

2025 செப்டம்பரில் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கும் ஏழு ஆட்டக்காரர்களுக்கும் ஃபிஃபா தண்டம் விதித்தது நினைவிருக்கும். ஆட்டக்காரர்களின் தகுதியைக் காட்ட அளிக்கப்பட்ட ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்பது குற்றச்சாட்டு. மேல்முறையீட்டையும் நவம்பரில் ஃபிஃபா தள்ளுபடி செய்தது. அன்று ஆசிரியர் அறையில் அனல் பறந்தது. ‘நாட்டின் மானம் கப்பலேறிவிட்டது’, ‘தாளைத் திருத்துவதா?’, ‘எவன் கையெழுத்துப் போட்டான்?’ என்று கொதித்தவர்களில் சிலரை நான் அறிவேன். பள்ளித் திடலின் கூடாரத்தில் ‘பார்த்து எழுதுங்கள்’ என்று என் தோளில் கை போட்டவர்கள் அவர்கள்!

அன்பர்களே, பெரிய தாளைத் திருத்துகிறவன் வானத்திலிருந்து குதிப்பதில்லை. சிறிய தாளைத் திருத்தியபோது யாரும் கேட்காததால் வளர்ந்தவன் அவன். ஆவணத்தில் பொய் எழுதுவது குற்றம் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமானால், அவர்களைப் பற்றிய முதல் ஆவணத்திலாவது பொய் இருக்கக்கூடாது.

வள்ளுவரை இழுக்காதீர்கள்

தமிழாசிரியனிடம் பேசுவதால் சிலர் வள்ளுவரையும் துணைக்கு அழைத்து வருகிறார்கள். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் அவரே சொல்லியிருக்கிறாரே என்கிறார்கள்.

சொல்லியிருக்கிறார். ஆனால் ‘நன்மை’ என்று மட்டும் சொல்லவில்லை. குற்றமற்ற நன்மை என்று நிபந்தனை வைத்திருக்கிறார். ஒருவனுக்கு நன்மையாகவும் இன்னொருவனுக்குத் தீமையாகவும் முடிவது குற்றமற்ற நன்மை ஆகாது. உடைந்த பல்லோடு நின்ற பையனும் அவன் தாயும் அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறார்கள்? குறளைப் பாதி படித்தால் எதற்கும் சான்று கிடைக்கும்.

எப்படி எழுத வேண்டும்?

குறை சொல்வதோடு நிறுத்தினால் அது ஆசிரியனுக்கு அழகன்று. புதிதாக நடுவராகும் இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்வன இவை:

1. அன்றே எழுதுங்கள். வீட்டுக்குப் போய்க் குளித்து, உண்டு, புலனக் குழுவில் பிறர் எழுதியதைப் படித்தபின் எழுதினால், அது நீங்கள் கண்டதாக இராது. நீங்கள் கேட்டதாக இருக்கும்.

2. நிமிடம், இடம், தொலைவு மூன்றும் வேண்டும். எத்தனையாவது நிமிடம், திடலின் எந்தப் பகுதி, நீங்கள் எத்தனை மீட்டர் தொலைவில் நின்றீர்கள், பார்வைக்குத் தடை இருந்ததா?

3. பந்து எங்கே இருந்தது, அதற்காகப் போராட்டம் நடந்ததா என்பதைத் தவறாமல் எழுதுங்கள். குற்றத்தின் பெயரே அதைப் பொறுத்தது.

4. கையா, முழங்கையா, தலையா, காலா? எங்கே பட்டது? ‘தாக்கினான்’ என்பது முடிவு. ‘வலக்கையை மடக்கி வாயில் ஒருமுறை குத்தினான்’ என்பது செய்தி. செய்தியை எழுதுங்கள்.

5. சொற்களைச் சொன்னவாறே எழுதுங்கள். கூச்சமாக இருந்தாலும் எழுதுங்கள். அந்தத் தாளைப் படிப்பவர்கள் பெரியவர்கள்.

6. நீங்கள் கண்டது எது, துணை நடுவர் கண்டு சொன்னது எது என்று பிரித்துக் காட்டுங்கள். காணாததைக் கண்டதாக எழுதாதீர்கள்.

7. பின்னர் நடந்ததையும் எழுதுங்கள். அடிபட்டவனுக்கு என்ன முதலுதவி, அடித்தவன் எப்படி வெளியேறினான், மன்னிப்புக் கேட்டானா? கேட்டிருந்தால் அதுவும் உண்மைதான். அவனுக்கு உரிய வரி அது. மறைக்காதீர்கள்.

8. தண்டனையைப் பரிந்துரைக்காதீர்கள். அது உங்கள் வேலையன்று.

கடைசி இரண்டையும் நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. மூடி மறைக்கும் அறிக்கையைப் போலவே பழிதீர்க்கும் அறிக்கையும் நம்மிடையே உண்டு. ‘இவன் எப்போதும் இப்படித்தான்’, ‘வளர்ப்புச் சரியில்லை’, ‘வேண்டுமென்றே கெட்ட எண்ணத்தோடு செய்தான்’ என்றெல்லாம் எழுதும் நடுவர்களைக் கண்டிருக்கிறேன். தம்மைத் திட்டியவனைத் தாளில் திட்டுகிறார்கள். எண்ணத்தை எந்தக் கண்ணாலும் காண முடியாது. கையைத்தான் காண முடியும். கையை எழுதுங்கள், நெஞ்சை ஒழுங்குக் குழு விசாரிக்கட்டும்.

அறிக்கை என்றாலே தண்டனைதான் என்ற எண்ணமும் தொலைய வேண்டும். கோல் கம்பம் தரையில் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று முதலாவது விதியே சொல்கிறது. நம் திடல்களில் இரண்டு மணல் மூட்டைகளை நம்பி நிற்கும் இரும்புக் கம்பங்கள் எத்தனை! அதன் மேல் பிள்ளைகள் தொங்குவதை யார் எழுதுவது? தலையில் அடிபட்டவனை ‘ஒன்றுமில்லை, ஆடு’ என்று மீண்டும் இறக்கிவிடுகிறார்கள். மூளை அதிர்வு ஏற்பட்டவருக்காகக் கூடுதல் மாற்று ஆட்டக்காரரை இறக்க 2024-25ஆம் ஆண்டு விதிமுறைகளே வழி செய்திருக்கும் காலம் இது. இடிமின்னல் சூழ்ந்த மாலையிலும் ‘இன்னும் பத்து நிமிடம்தான்’ என்று ஆட்டத்தை நீட்டச் சொல்கிறார்கள். இவை அனைத்தும் சம்பவங்களே. அடுத்த வாரம் இன்னொரு பிள்ளையைக் காப்பாற்றப் போவது இன்று எழுதிய அந்த நான்கு வரிகள்தாம்.

பொறுப்பில் உள்ளோருக்கு

ஏற்பாட்டாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் என் கோரிக்கைகள் சில.

அறிக்கை கொடுக்கப்படும்வரை பள்ளிப் பொறுப்பாளர், பயிற்றுநர், பெற்றோர் யாரும் நடுவரை அணுகக்கூடாது என்று போட்டி விதிகளில் எழுதுங்கள். கூடாரத்துக்குள் நடக்கும் ‘பேச்சுவார்த்தை’ அன்றோடு ஒழியட்டும். ஆடும் பள்ளிகளின் ஆசிரியரையே நடுவராக்கும் வழக்கத்தை விடுங்கள். தம் தலைமையாசிரியருக்கு எதிராக எழுதச் சொல்லி ஒரு மனிதரைச் சோதிக்காதீர்கள். துணை நடுவரின் குறிப்பைக் கட்டாய இணைப்பாக்குங்கள். அறிக்கையின் படி ஒன்று இரு பள்ளிகளின் ஆலோசக ஆசிரியருக்கும் போகட்டும். அடித்தவனுக்கும் ஆள் வேண்டும். அடிபட்டவனுக்கும் ஆள் வேண்டும்.

அதே வேளையில், அந்தத் தாள் புலனக் குழுக்களில் உலா வரக்கூடாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பெயரும் குற்றமும் ஊர் முழுக்கப் பரவுவது நீதியன்று, கொடுமை. உண்மையை முழுதாக எழுதுவதும், அதைப் படிக்க உரியவர் மட்டுமே படிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. பையனின் எதிர்காலத்தின் மீது மெய்யாகவே அக்கறை உள்ளவர்கள் இந்த இரண்டாவது பகுதிக்குப் போராடுங்கள். நானும் உங்களோடு வருகிறேன்.

இப்படி எழுதுவதால் எனக்கு வேண்டியவர்கள் குறைந்திருக்கிறார்கள். சில போட்டிகளுக்கு அழைப்பும் வருவதில்லை. ‘அந்த ஆசிரியரா? அவர் எல்லாவற்றையும் எழுதிவிடுவார்’ என்று ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நடுவருக்கு இதைவிட நல்ல நற்சான்றிதழ் வேறென்ன வேண்டும்?

இளைய ஆசிரியர்களே, நாளை உங்களையும் யாராவது கூடாரத்துக்கு அழைப்பார்கள். தேநீர் தருவார்கள். தோளில் கை போடுவார்கள். தேநீரைக் குடியுங்கள், நன்றி சொல்லுங்கள். பிறகு, நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்.